மஞ்சள் மணத்த கார்

எங்கள் கார் கொதித்தால் கறி மணக்கும். நுரைச்சோலையிலிருந்து சிலாபம் போகும் வழியில், முன்மூடியின் இடுக்குகளால் ஆவி கிளம்பும்போது, எதிரே சைக்கிளில் வருபவர்கள்கூட மூக்கை உறிஞ்சிக்கொண்டு எந்த வீட்டில் சமையல் நடக்கிறது என்று சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். ரேடியேட்டரில் சிறு கசிவு கண்ட நாளிலிருந்து வாப்பா அதற்குள் மஞ்சள் தூளைக் கொட்டிவந்தார். ஓட்டையை மஞ்சள் அடைத்துக்கொள்ளும் என்பது எங்கள் பக்கத்துச் சாரதிமார் எல்லோரும் அறிந்த "கைமருந்து". அடைக்கத்தான் செய்தது, ஓட்டையோடு தண்ணீர் ஓடும் வழிகளையும் சேர்த்து அடைத்தது. போதாததற்கு, தினமும் சுபஹுத் தொழுகை முடிந்து வந்து கிணற்றுத் தண்ணீரை வேறு ஊற்றுவார். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி ஊற்றினாலே உவர்க்கும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கொதித்த கேத்தல் சரிந்து என் வலக்கை வெந்துபோயிருந்தது. புண் ஆற ஆறத் தோல் இறுகி விரல்களை உள்ளே இழுத்ததால், அவற்றை விரித்துப் பழக்கக் கிழமைக்கு ஒருநாள் சிலாபம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. பஸ் நெரிசலில் கை இடிபடும் என்று காரில்தான் பயணம். அடுத்தடுத்து இரண்டு கிழமை கார் முந்தலில் கொதித்து நின்றுவிட்டது; அது ஆறும்வரை காத்திருந்து போய்ச் சேர்ந்தபோது கிளினிக் முடிந்திருந்தது. இரண்டாம் முறை, வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மா நின்று என் கையைப் பார்த்துவிட்டு, இன்னும் தவறவிட்டால் விரல்கள் மடிந்தபடியே நின்றுவிடும் என்றார். நான் அழுதேன். உம்மா அழவில்லை. வீடு திரும்பி முற்றத்தில் இறங்கியதும் வாப்பாவைப் பார்த்து, "அந்த உப்புத் தண்ணிய நம்மளுக்கே குடிக்க ஏலா. அதுக்கு மட்டும் ஏலுமா?" என்று கேட்டார்.

மாரி தொடங்கியிருந்தது. தகரக் கூரையின் ஓரத்தில் சட்டி, பானை, தாச்சி, என் பள்ளிக்கூடத் தண்ணீர்ப் போத்தல் உட்பட வீட்டில் வாயுள்ள அத்தனையையும் உம்மா வரிசையாக வைத்தார். மறுநாள் காலை வாப்பா ரேடியேட்டரின் கீழ்க்குழாயைக் கழற்றினார். முதலில் துருத் தண்ணீர், பிறகு சேறாய் மஞ்சள், கடைசியில் கேத்தலின் அடியில் படிவது போன்ற வெள்ளைப் பொருக்குகள். கோழிகள் ஓடிவந்து கிளறிப் பார்த்துவிட்டு, மதியாமல் போய்விட்டன.

கேத்தலின் பொருக்கை உம்மா தேசிக்காய்ப் புளி விட்டுக் காய்ச்சித்தான் எடுப்பார். அதையே காருக்கும் செய்யப் போவதாகச் சொல்லி, ஒரு கூடை தேசிக்காயைப் பிழிந்து துணியில் வடித்து வைத்தார்.

"என்ன, காருக்கு ஊறுகா போடப் போறியா?" என்று வாப்பா சிரித்தார்.

உம்மா சிரிக்கவில்லை. புளித் தண்ணீரை விட்டு எஞ்சினைச் சற்று ஓடவிட்டு, ஆறவைத்துத் திறந்தபோது பொருக்குப் பொருக்காகக் கழன்று விழுந்தது. வாப்பாவின் சிரிப்பும் அதோடு நின்றது. தண்ணீர் தெளியும்வரை அலசிக்கொண்டே இருந்தார்கள்.

பிறகு மழைத் தண்ணீரை நிரப்பினால், அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. மஞ்சள் போனதும் பழைய ஓட்டை திறந்துகொண்டுவிட்டது. வாப்பாவின் கண் மெல்லக் குசினிப் பக்கம் போனது.

"மஞ்சள் டின்ன அடுத்த வீட்டுல குடுத்திட்டன்," என்றார் உம்மா.

வாப்பா தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு ரேடியேட்டரைக் கழற்றிப் பழைய சாரத்தில் சுற்றி, பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் புத்தளம் போய், ஈயம் பற்றவைத்துக் கொண்டுவந்தார்.

கடைசித் தண்ணீரை நானே ஊற்றுவேன் என்று அடம்பிடித்தேன். என் கைக்காக நடக்கும் வேலையில் எனக்கும் ஒரு பங்கு வேண்டும்போல் இருந்தது. மூடியைத் திறந்தபடி எஞ்சின் மெதுவாக ஓட, இடக்கையால் சிறிது சிறிதாக ஊற்றினேன். வாப்பா குழாயை அமுக்கி அமுக்கி விட, விக்கல்போலக் காற்றுக் குமிழிகள் கிளம்பும், தண்ணீர் இறங்கும், மறுபடி ஊற்றுவேன். குமிழிகள் நின்று தண்ணீர் அசையாமல் நின்றபோது என் தோள் கடுத்தது. மிஞ்சிய மழைத் தண்ணீரை உம்மா ஒரு கேனில் அடைத்துப் பின்பெட்டியில் வைத்தார்.

கிளினிக் நாளன்று வழி நெடுக உம்மா மூக்கை உயர்த்தி மணம் பிடித்துக்கொண்டே வந்தார். கறி மணக்கவில்லை. முந்தல் தாண்டியதும் வாப்பா ஹோர்ன் அடித்தார். வீதியில் யாருமே இல்லை. அன்றைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். அதற்குப் பிறகு ஒரு கிழமையும் தவறவில்லை. மாதக்கணக்கில் வலியோடு விரித்து விரித்து நான்கு விரல்கள் நிமிர்ந்தன. சின்ன விரல் மட்டும் நிமிரவில்லை.

இப்போது எனக்கென்று ஒரு கார் இருக்கிறது. அதற்குரிய பச்சைத் திரவத்தைக் கடையில் போத்தலில் தருகிறார்கள். சூடு காட்டும் முள் நடுவை விட்டு அசைவதில்லை. பழைய கார் இரும்புக்குப் போயிற்று, கிணற்றை மூடிவிட்டோம், வாப்பாவும் மௌத்தாகிவிட்டார். ஆனால் என் காரின் பின்பெட்டியில் ஒவ்வொரு மாரிக்கும் ஒரு கேன் மழைத் தண்ணீர் வந்துவிடும், உம்மா வைப்பது. இனி இது தேவையில்லை என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவர் என் வலக்கையை எடுத்து, மடிந்து கிடக்கும் அந்தச் சின்ன விரலை நீவிவிட்டார்.

"தவறின அந்த ரெண்டு கிழமையும் இஞ்சதான் நிக்கிது," என்றார்.

அதன் பிறகு அந்தக் கேனை நான் இறக்கவில்லை.