நாலு புகைபோக்கிக் கப்பல்

பார்த்தசாரதி காபி குடித்து முடித்ததும் டம்ளரைக் கீழே வைக்க மாட்டார். சாய்த்துப் பிடித்து, கடைசிச் சொட்டை மேஜைக் கண்ணாடியின் மேல் விழவிடுவார். ஆள்காட்டி விரலால் அதைத் தொட்டு நீளமாக ஒரு கோடு இழுப்பார். அது கப்பலின் உடம்பு. அதன் மேல் இரண்டு குட்டைக் கோடுகள், கொஞ்சம் இடம் விட்டு மறுபடி இரண்டு, அவை புகைபோக்கிகள். சுண்டுவிரலால் பின்பக்கமாக ஒரு தேய்ப்பு, அது புகை. எதிரில் இருப்பவன் என்னவென்று கேட்கும்வரை விரலை எடுக்க மாட்டார். கல்கத்தாவில், டாக்குரியாவில் அவர் வீட்டு மாடியில் குடிவந்த முதல் வாரத்தில் நானும் கேட்டுத் தொலைத்தேன்.

"தார்ன்பி. டெஸ்ட்ராயர். எங்காத்துக் கப்பல்" என்றார்.

கப்பல் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நஷ்ட ஈட்டுப் பிரிவில் காலம் தள்ளி ஓய்வுபெற்றவர். கடலில் கால் நனைத்ததில்லை. பூரி கடற்கரைக்குப் போனாலும் செருப்போடு மணலிலேயே நிற்பார் என்பது அவர் மனைவி சாவித்ரியின் சாட்சியம். 'எங்காத்துக் கப்பல்' என்பதன் பொருள் இவ்வளவுதான்: 1914-ல் சண்டை மூண்டபோது, ஹாங்காங்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்குப் போகிற வழியில் கொதிகலன் கோளாறாகி அது கிதர்பூர் துறைக்கு வந்தது. கரி ஏற்றினார்கள். கரிக் கம்பெனி குமாஸ்தாவான இவருடைய தாத்தா ரங்கஸ்வாமி கரையில் குடைபிடித்து நின்று மேற்பார்வை பார்த்தார். கப்பலில் ஏறக்கூட இல்லை.

அந்தக் கப்பலும் லேசுப்பட்டதல்ல. 1904-ல் இங்கிலாந்தின் வடக்கே கட்டி மிதக்கவிட்டார்கள். பனிமூட்டத்தில் கருவாடு ஏற்றிவந்த சீனப் படகை இடித்தது. ஒரு ஆற்று முகத்தில் சேற்றில் ஏறி, அடுத்த பௌர்ணமி ஓதம்வரை அங்கேயே கிடந்தது. போரில் சரக்குக் கப்பல்களுக்குத் துணை போனது. போர் முடிந்ததும் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். பார்த்தசாரதி சொல்லும்போது ஒவ்வொரு இடியும் வீரத்தழும்பு. எனக்கு என்னவோ, நஷ்ட ஈட்டுக் கோப்பை ராகம்போட்டுப் படிப்பதாகவே பட்டது.

போன வருஷம் காளிகாட்டில் எங்கள் தமிழ்ச் சங்கக் கட்டடத்தைப் புதுப்பித்தபோது, 'துறைமுகத்தில் தமிழர்' என்று ஒரு சுவர் ஒதுக்கினார்கள். பெரிய படம் ஒன்று மாட்டலாம். பார்த்தசாரதிக்குத் தூக்கம் போயிற்று. தாத்தாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அவர் பெயர் எந்தக் கல்லிலும் காகிதத்திலும் இல்லை. கப்பல் படத்தின் கீழே 'கரி குமாஸ்தா ரங்கஸ்வாமி' என்று ஒரு வரி வந்துவிட வேண்டும். லண்டனிலிருந்து வரவழைத்து, கூடத்தில் மாட்டியிருந்த கப்பல் படத்தைக் கழற்றித் துடைத்தார்.

"அது போய்த் தொலைஞ்சா நான் காலண்டராவது மாட்டுவேன்" என்றார் சாவித்ரி.

கமிட்டிக் கூட்டத்துக்குப் படத்தைத் தூக்கிப் போனவன் நான். செயலாளர் நடராஜன் சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டே விசாரித்தார்.

"சண்டையில யாரையாவது சுட்டுதா சார் இது?"

"ஒரு தடவை. நீர்மூழ்கின்னு நெனச்சு."

"நெனச்சு?"

"திமிங்கலம்."

சமோசா சிதறியது. சிரிப்பு அடங்கியதும் பொருளாளரின் பெண் மதுவந்தி படத்தருகே குனிந்தாள். கப்பல் கட்டும் பொறியியல் படிக்கிறவள்.

"மாமா, இது என்ன வருஷத்துப் படம்?"

"பதினெட்டு. பின்னாடி போட்டிருக்கே."

"மூக்குல இருக்கிற நம்பரை வெச்சுத்தானே தார்ன்பின்னு கண்டுபிடிச்சேள்?"

"பின்னே? பதினாலுல அதோட நம்பர் இதுதான்."

"சண்டைக்கு நடுவுல நம்பரெல்லாம் மாத்திட்டா மாமா. பதினெட்டுல இந்த நம்பர் வேற கப்பலுக்கு."

"நம்பர் எப்படிம்மா மாறும்? ஆளே செத்தாலும் பாலிசி நம்பர் மாறாதே!"

இதைவிடப் பரிதாபமான வாக்கியத்தை நான் கேட்டதில்லை. ஒரு மனிதனின் மொத்த உத்தியோக வாழ்க்கையும் அதற்குள் அடங்கிவிட்டது.

"ஊரான் கப்பலைக் கொண்டுவந்து எங்காத்துக் கப்பல்ங்கறேளே!" என்றார் நடராஜன். "நாளைக்கு ஹௌரா பாலத்துக்கும் உங்க தாத்தாதான் ஆணி அடிச்சார்ம்பேள்."

"ரெண்டு கப்பலும் ஒரே அச்சுதான் சார். போகட்டும், படம் வேண்டாம். தாத்தா பேரை மட்டுமாவது…"

"வெறும் பேரை எங்கே சார் மாட்டறது? தூர்!" என்று வங்காளியாகச் சலித்துக்கொண்டார் நடராஜன். "டீ ஆறிப்போறது."

ஆட்டோவில் படத்தை மடியில் நிறுத்திக்கொண்டு வந்தார். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அதே ஆணியில் மாட்டி, கோணல் பார்த்துச் சரிசெய்தார்.

"திரும்பி வந்துடுத்தா சனியன்?" என்றார் சாவித்ரி.

சுவருக்கு நடராஜனே எங்கிருந்தோ ஒரு பழைய படம் தேடிக்கொண்டுவந்தார். கப்பலுக்குப் போட்ட பலகைப் பாலத்தில் கூடை சுமந்து ஏறும் ஆட்கள். 'கிதர்பூர் துறையில் நம் முன்னோர்' என்று கீழே பித்தளைத் தகடு. திறப்பு விழாவில் ஆளாளுக்கு அதன் முன் நின்று செல்ஃபி எடுத்தார்கள். யாருக்கும் எந்த நம்பரும் பார்க்கத் தோன்றவில்லை. பார்த்தசாரதியும் மதுவந்தியும் படத்தருகே வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். கிழவர் மறுபடி பாலிசி நம்பரில் இறங்கிவிட்டார் என்று நினைத்து நான் பந்திக்குப் போய்விட்டேன்.

பூஜை விடுமுறையில் மதுவந்தியே சொன்னாள். சங்கச் சுவரில் மாட்டிய படத்தில் இருப்பது கிதர்பூர் அல்ல, ரங்கூன். விழா அன்றே கண்டுபிடித்து, மைக்கில் சொல்லக் கிளம்பியிருக்கிறாள். கையைப் பிடித்து நிறுத்தியவர் பார்த்தசாரதி.