தெருத்தெருவாக ஒரு ஜெபம்

"ஆண்டவரே, அந்த முக்கு வூட்ல கவிதாவுக்கு இன்னும் வரன் தகையல. நீரு பாத்துகினுதான இருக்கீரு?"

சற்குணம் அண்ணன் மாட்டாஸ்பத்திரித் தெருவில் பாதி வந்துவிட்டார். இன்னும் ரயில்வே கேட் இருக்கிறது. அதைத் தாண்டி அரக்கோணம் சாலை, அதற்கப்புறம் சந்துகள். நாங்கள் கண்ணை மூடி, தலை குனிந்து, பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே அவர் பின்னால் போய்க்கொண்டிருக்கிறோம். சமையலறையில் சுண்டல் ஆறிக்கொண்டிருக்கிறது.

திருத்தணியில் எங்கள் லுத்தரன் ஐக்கிய சங்கம் மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டில் கூடும். கடைசி ஜெபம் சற்குணம் அண்ணனுடையது. அந்தப் பொறுப்பை எப்போது, யார் கொடுத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. "சர்வ வல்லமையுள்ள எங்கள் பரம பிதாவே, தேவரீர் எங்களை இம்மட்டும் வழிநடத்தி வந்த கிருபைக்காக" என்று வேதாகமத் தமிழில் நிமிர்ந்துதான் கிளம்புவார். முதல் தெரு திரும்பியதும் தமிழ் செருப்பைக் கழற்றிவிடும். "எலிசா தாத்தாவுக்கு ரெண்டு நாளா வெளிக்கி போவல" என்பதெல்லாம் பரம பிதாவிடம் அப்படியே போய்ச் சேரும்.

பெயர்களை அவர் மனப்பாடம் செய்வதில்லை. பஸ் நிலையத்திலிருந்து மனத்துக்குள் நடக்கத் தொடங்குவார். சபையார் வீடு ஒவ்வொன்றின் வாசலிலும் நிற்பார். உள்ளே பார்த்து, பார்த்ததைச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். நடுவில் தடை வந்தால் வழி தப்பிவிடும். மறுபடி பஸ் நிலையத்திலிருந்துதான் புறப்பட வேண்டும். ஒருமுறை ரயில்வே கேட்டை நெருங்கும்போது சமையலறையில் குக்கர் விசில் அடித்துவிட்டது. அன்றைக்கு எலிசா தாத்தாவின் மலச்சிக்கல் இரண்டு தடவை பரலோகம் போனது.

தொழில், பஸ் நிலையத்தில் தனியார் வண்டிகளுக்கு டைம் கீப்பர். அங்கே அவர் வேறு ஆள். எந்த வண்டியையும் நேரத்துக்கு மேல் நிற்க விடமாட்டார். பேருந்தின் பக்கத்தகட்டில் உள்ளங்கையால் அடித்து, "இன்னா பாவா, மலை ஏறி சாமி பாத்துட்டு வந்து எடுப்பியா? எடு, பின்னாடி வண்டி வந்துகினு கீது" என்று விரட்டுவார். ஒருநாள் நகரிக்கார டிரைவர் ஒருவர் ஸ்டியரிங்கில் கையைப் போட்டபடி சொன்னார்: "ஞாயித்துக்கெழம நீ பண்ற ஜெபத்த பத்தி உங்காளுங்கோ சொன்னாங்கோ நைனா. அதுல பாதி டைமு எனக்குக் குடு, டீ சாப்ட்டு வந்துட்றேன்." எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் அண்ணன்தான். "கரெக்டுதான் பாவா. பஸ்ஸுக்கு விசிலு கீது. ஜெபத்துக்கு விசிலு இல்லியே."

சங்கத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஐக்கியம் என்று பெயரிலேயே இருப்பதால் நடைமுறையில் அதை நாங்கள் வலியுறுத்துவதில்லை. தரங்கம்பாடிக்குச் சுற்றுலா என்று வருடா வருடம் தீர்மானம் போடுகிறோம். இதுவரை எட்டிய தூரம் மகாபலிபுரம். கிறிஸ்துமஸுக்கு ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குக் கேக் கொடுக்கப் போய், சர்க்கரை நோயாளிகளாகத் தேடிப்பிடித்துக் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்கி வந்தோம். நான் இந்தச் சங்கத்தின் இலக்கியச் செயலாளர். இலக்கியத்துக்கும் இங்கே வேலை இல்லை, செயலாளருக்கும் இல்லை. ஜெப நேரத்தில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்ப்பது மட்டும்தான் நான் ஒழுங்காகச் செய்வது.

அண்ணன் என் வீட்டு வாசலிலும் ஒருமுறை நின்றார். "இந்தத் தம்பி புக்கு போட்டுகினே கீறான் ஆண்டவரே. வாங்கறதுக்கு ஒரு ஆள அனுப்பும். ஒரே ஒரு ஆளு போதும்." சங்கம் அன்றைக்கு மிக ஐக்கியமாக ஆமென் சொன்னது. ஆள் இன்னும் வரவில்லை.

ரயில்வே கேட் அருகே ஃபக்ருதீன் பாயின் மெக்கானிக் கடை. அவர் எங்கள் சபையார் இல்லை. ஆனால் வழியில் இருக்கிறார். "ஒரு மனுசன் உக்காந்துகினு கீறாரு. பாத்துட்டு பாக்காத மாரி போவறதா?" என்பது அண்ணனின் கேள்வி. பாயின் முட்டி வலி எங்கள் ஜெபத்தில் நிரந்தர உறுப்பினர். ஸ்கூட்டரை விடப் போனால் ஸ்பேனரைத் துடைத்தபடி, "இன்னா தம்பி, இந்த மாசம் நம்ப முட்டி வந்துச்சா?" என்று விசாரிப்பார். வந்தது என்றால் முகத்தில் ஒரு திருப்தி. வலி குறைந்ததா என்று நான் கேட்டதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஜெபத்தில்தான் சீமோன் குறுக்கே வந்தான்.

சீமோன் தை மாதம் இறந்துபோனான். சர்க்கரையில் கால் புண் ஆறாமல், சந்துக்குள் இருந்த தன் வீட்டு வாசலிலேயே நீண்ட நாள் உட்கார்ந்திருந்தவன். பெட்டியைத் தூக்கிய நால்வரில் சற்குணம் அண்ணனும் ஒருவர். அதற்கடுத்த கூட்டத்தில் அவருடைய ஜெபம் வழக்கம்போல அரக்கோணம் சாலையைக் கடந்தது, சந்துக்குள் நுழைந்தது. "தம்பி சீமோனு காலு புண்ணு ஆறணும் ஆண்டவரே. அடுத்த மாசம் அவன் எழுந்து நடந்து இந்தக் கூட்டத்துக்கு வரணும்."

எல்லோருடைய கண்களும் திறந்துகொண்டன; முதல்முறையாக எனக்குத் துணை கிடைத்தது. அண்ணனின் கண்கள் மட்டும் மூடியே இருந்தன. அவர் இன்னும் சந்துக்குள்தான் இருந்தார். பின்வரிசையிலிருந்து சீமோனின் மனைவி தமயந்தி "ஆமென்" என்றாள்.

விசாரணை சுண்டல் தட்டுகளோடு நடந்தது.

"ஏம்பா சற்குணம், பொட்டி தூக்குனவனே நீதான?" என்றார் தலைவர் அசோக்குமார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"ஆங், தூக்குனேங்க சார். ஆனா போய்ப் பாத்தா அங்கதான் உக்காந்துகினு இருந்தான்."

"எங்க?"

"வாசல்ல. எப்பவும் போலத்தான்."

"செத்தவங்களுக்காக ஜெபம் பண்றது நம்ப சபையில கெடையாதுப்பா. நல்லபடியா வாழ்ந்தாருன்னு ஸ்தோத்திரம் சொல்லலாம். அதோட நிறுத்திக்கணும்."

அவர் சொன்னது சரிதான். ஐந்நூறு வருடத்துக்கு முன் லுத்தர் தன் கண்டன அறிக்கையைக் கோயில் கதவில் ஆணி அடித்ததற்கும், செத்தவர்கள் பெயரில் பாவமன்னிப்புச் சீட்டு விற்ற விவகாரம்தான் காரணம். அந்த ஆணியைத் திருத்தணியில் ஒரு டைம் கீப்பர் பிடுங்கலாமா? எங்கள் ஐயர் (போதகரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) சுண்டலில் மிளகாய் தேடுபவர்போலத் தலை நிமிரவே இல்லை. இலக்கியச் செயலாளரும் இன்னொரு கரண்டி சுண்டல் வாங்கிக்கொண்டான்.

முடிவு இது: அடுத்த கூட்டத்தில் டீ ஆறுவதற்குள் ஜெபம் முடிய வேண்டும். இறந்தவர் யாரும் அதில் வரக்கூடாது. வந்தால், அன்றோடு கடைசி ஜெபம் தலைவரின் பொறுப்பு. அசோக்குமாரின் ஜெபம் மின்தடை அறிவிப்பு மாதிரி இருக்கும். சுருக்கம், எல்லாப் பகுதிகளுக்கும் பொது, யாருடைய பெயரும் இருக்காது.

"சரிங்க சார்," என்றார் அண்ணன். "சந்து வேணாம். பைபாஸ்லயே பூட்றேன்." எல்லோரும் சிரித்தோம். பிரச்சினை தீர்ந்துவிட்டதாக வீட்டுக்கும் போய்விட்டோம்.

அந்த மாதம் முழுக்கப் பஸ் நிலையத்தில் அவருடைய உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒரு இடத்துக்கு வந்ததும் நிற்கும். தலையை உதறிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். "ஒரு வூட்ட எடுத்துட்டா அடுத்த வூடு எங்கன்னே தெரியலடா தம்பி," என்றார் என்னிடம். "மேல பறந்துதான் போவணும். நம்பளுக்கு லக்கேஜி ஜாஸ்தி." வயிற்றைத் தட்டிக் காட்டினார். நானும் சிரித்தேன். அவர் பாதியில் நிறுத்திக்கொண்டதால் என் சிரிப்பு தனியாகக் கேட்டது.

அப்போதுதான் தமயந்தி வந்தாள். கே.ஜி.கண்டிகையில் அவள் அம்மா வீடு. விவசாயக் குடும்பம். சீமோனைக் கட்டிக்கொண்டு எங்கள் சபைக்கு வந்தவள். ஊருக்குப் போகக் கையில் பையோடு நின்றாள்.

"அண்ணா, இந்த மாசம் எங்க வூட்டுக்கு வர மாட்டீங்களாமே?"

"உனுக்காக வருவம்மா. அவன் பேரு சொல்லக் கூடாதுன்றாங்கோ. நாயந்தான? செத்தவன் காலு ஆறணும்னு கேட்டவன் நானு. சரியான கூமுட்ட."

"எங்கம்மா வூட்டுப் பக்கம்னா வருசா வருசம் படையல் போட்டு, பேர் சொல்லிக் கூப்புடுவாங்க. இங்க அடக்கத்தோட சரி. அதுக்கப்பறம் ஒருத்தரும் அவுரு பேர வாயால சொல்லலண்ணா. எங்கிட்ட பேசறவங்க கூட அந்தப் பேச்சே எடுக்கறதில்ல. நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்க."

"தப்பா சொல்லிட்டேம்மா."

"தப்பாவே சொல்லுங்க. பரவால்ல."

கண்டிகை வழியாகப் போகும் வண்டியில் அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நேரம் ஆகிவிட்டது. அண்ணன் விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை. வைத்தபடியே நின்றார். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "இன்னா நைனா, இங்கியே ஜெபமா?" என்று கேட்ட பிறகுதான் வண்டி கிளம்பியது.

கூட்டம் தலைவர் வீட்டில். புதிதாகக் கட்டிய வீடு. கூடம் மாடி வரைக்கும் உயரமாகத் திறந்திருந்தது. கடிகாரத்துக்குப் பதிலாக அசோக்குமார் டீயை முன்கூட்டியே டம்ளர்களில் ஊற்றி வரிசையாக வைத்துவிட்டார். ஆவி பறந்துகொண்டிருந்தது.

அண்ணன் எழுந்து நின்று கிளம்பினார். இப்படி ஒரு வேகத்தை நாங்கள் பார்த்ததில்லை. கவிதாவின் வரன் ஒரே வரியில் முடிந்தது. எலிசா தாத்தாவின் வயிறு சுகமாகிவிட்டதாகவே அறிவிக்கப்பட்டது. ஃபக்ருதீன் பாயின் முட்டிக்கு ஒரு தலையசைப்பு. அரக்கோணம் சாலையைக் கடந்தபோது டீயில் ஆவி இருந்தது. தலைவரின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

சந்துக்குள் திரும்பினார். நின்றுவிட்டார்.

"ஸ்தோத்திரம்," என்றார். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை, மெதுவாக, "ஸ்தோத்திரம்." அடுத்த வீட்டின் பெயர் வரவில்லை. சீமோன் பெயரும் வரவில்லை. திரும்பப் பஸ் நிலையத்துக்கும் அவர் போகவில்லை. மூடிய இமைகளுக்குள் கண்கள் இங்கும் அங்கும் அலைவது எனக்குத் தெரிந்தது. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மெல்ல எழுந்தார். முடித்து வைக்க அவரிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது.

"உள்ள வாங்கண்ணா."

பின்வரிசையில் தமயந்தி. கண்ணை மூடியிருந்தாள். வாசலில் வந்து தயங்கி நிற்பவரை அழைக்கும் குரல், அவ்வளவுதான்.

அந்தச் சந்தில் எல்லா வீடுகளுக்கும் வாசல் நிலை தாழ்வு. தலைவர் வீட்டு உயரமான கூடத்தின் நடுவில், கண்ணைத் திறக்காமலே, சற்குணம் அண்ணன் தலையை நன்றாகக் குனிந்து ஒரு அடி எடுத்து வைத்தார்.