ஆணியில் தொங்கிய கத்திக்காரி

எழுபதுகளின் நடுப்பகுதியில் சிட்னியின் லிட்கம் பகுதியில் எங்களுக்கு வீடு கிடைக்கவில்லை. ஒரு வீட்டின் பின்னறைதான் கிடைத்தது. எங்கள் நிறத்தைக் கண்டதும் இப்போதுதான் ஆள் வந்துவிட்டது என்று கதவைச் சாத்தியவர்களே அதிகம். இந்த வீட்டுக்காரி சாத்தவில்லை. இரண்டு நிபந்தனை போட்டாள். சுவரில் புது ஆணி அடிக்கக் கூடாது. முன்னறையில் இருப்பவர் இரவு வேலை செய்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர், அதனால் பிள்ளைகுட்டி கூடாது.

அப்போது எனக்கு மூன்று மாதம். நானும் கணவரும் தலையாட்டினோம்.

கட்டிலுக்கு நேரெதிரே வீட்டுக்காரிக்குச் சொந்தமான படம் ஒன்று தொங்கியது. இத்தாலியில் பல நூறு வருஷத்துக்கு முன் செப்புத் தகட்டில் வெட்டி அச்சடித்ததாம், பெருமையாகச் சொன்னாள். மாதாவாக்கும், இருக்கட்டும் என்றார் கணவர். அடுத்த நாள் விடிய எழும்பிப் பார்த்தேன். மாதா இல்லை. மேற்சட்டை விலக ஒருத்தி தன் நெஞ்சுக்கு நேரே கத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

பிள்ளைத்தாய்ச்சி விடிய எழும்பி எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று எங்கள் ஆட்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் இதற்கு முதல் ஒன்று கலைந்துபோனது. இனி எதோடும் விளையாட நான் தயாரில்லை.

படத்தைக் கழற்றினால் வீட்டுக்காரி கேட்பாள். வேறு ஆணியும் இல்லை. படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, பின் அட்டையில் ஊரிலிருந்து கொண்டுவந்த பிள்ளையாரை ஒட்டினேன். வீட்டுக்காரி வரும் சனிக்கிழமைகளில் கத்திக்காரி, மற்ற நாட்களில் பிள்ளையார். வயிற்றை மறைக்கக் கணவரின் தடித்த கோட்டு. நல்லவேளை, குளிர்காலம்.

ஒருமுறை வெள்ளிக்கிழமையே வந்து நின்றாள். குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்கவாம்.

பிள்ளையாரைக் கண்டதும் அவள் முகம் சிவந்தது. வெயில் பட்டு உங்கள் படம் மங்கிவிடும் என்று பயந்தோம் என்றார் கணவர். அந்த அறைக்குள் வெயிலே வராது. என்னிடம் மெல்ல, "நீர் வாயைத் திறவாதேயும்" என்றார்.

அவள் படத்தைத் திருப்பி மாட்டிவிட்டுப் பாடம் நடத்தினாள். ரோமாபுரிப் பழங்கதையாம். அரசன் மகன் இவளைப் பலாத்காரம் செய்தான். இவள் தகப்பனையும் புருஷனையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத் தன்னையே குத்திக்கொண்டாள். ஊர் கொதித்து அரச குடும்பத்தையே துரத்தியது. இப்படிப்பட்ட வீரப் பெண்ணையா சுவரைப் பார்க்க வைத்தீர்கள் என்று கேட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குத்துவதென்றால் அவனையல்லவா குத்தியிருக்க வேண்டும்? செத்தால்தான் வீரமா? அதையெல்லாம் சொல்ல என்னிடம் ஆங்கிலம் இல்லை. இருந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: "எனக்கு வயிற்றில் பிள்ளை. விடிய எழும்பி இவள் சாகிறதைப் பார்க்க என்னால் ஏலாது." கோட்டையும் திறந்து காட்டினேன்.

கணவர் எட்டி வந்து கோட்டை மூடப் பார்த்தார்.

வீட்டுக்காரி என் வயிற்றைப் பார்த்தாள். பிறகு படத்தைக் கழற்றினாள். பிள்ளையாரை உரிக்கப் பார்த்தாள், அவர் வரவில்லை. அவரோடு சேர்த்தே கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். கதவடியில் நின்று சொன்னாள்: "முன்னறைக்காரர் ஒருமுறை முறையிட்டாலும் நீங்கள் வெளியே."

பிள்ளை சுகமாகப் பிறந்தது. நல்ல தொண்டை. பிள்ளை அழுதால் மற்றத் தாய்மார் பிள்ளையைப் பார்ப்பார்கள். இது பகலில் அழத் தொடங்கினால் நான் முதலில் முன்னறைச் சுவரைத்தான் பார்ப்பேன்.