அருமைராசா அத்தானின் நிறைப் பட்டியல்

என் அக்கா யோசெப்பினின் கணவர் அருமைராசா பங்குனியில் இறந்தார். லாசாலில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். எதையும் தராசில் வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டார்.

ஐந்து வருடங்களுக்கு முன் காரின் பின்னால் கொளுவி இழுக்கும் பழைய கேம்பர் ஒன்றை வாங்கி, பியர்பொன்ட்ஸ் வீட்டு வாசலில் நிறுத்தினார். மூடினால் இடுப்பளவுப் பெட்டி. திறந்தால் கூரை எழும்பி, இரு பக்கமும் கட்டில் நீளும்.

"கோழிக்கூடு" என்றாள் அக்கா.

அவர்களுடைய சிறிய கார் அறுநூற்றெண்பது கிலோவுக்கு மேல் இழுக்காது. வெறும் கேம்பரே ஐந்நூற்று அறுபது. அத்தான் குளியலறைத் தராசில் சட்டி, போர்வை, அடுப்பு எல்லாவற்றையும் நிறுத்துக் கொப்பியில் எழுதினார். பாரமானவை சில்லுகளுக்குச் சற்று முன்னால், பின்பக்கம் வெறுமை. பின்னால் பாரம் ஏறினால் வண்டி வாலாட்டும் என்பார். அரிசிக்கு ஐந்து கிலோ ஒதுக்கியிருந்தார்.

ஆனால் அந்தக் கோடையில் நாங்கள் தங்கப்போன ஏரிக்கரைக்கு ரொறன்ரோவிலிருந்து அவருடைய சொந்தக்காரர் பன்னிரண்டு பேர் வருவதாக இருந்தது.

"காடெண்டாலும் வாற சனத்துக்குச் சோறு போடோணும்" என்றாள் அக்கா. புறப்படும் காலையில், அவர் குளிக்கப் போன நேரம், இருபது கிலோ அரிசி மூட்டையும் ஆட்டிறைச்சிக் கறிப் பானையும் பதினைந்து தேங்காயும் கேம்பரின் பின்பெட்டிக்குள் போயின. தூக்கி வைத்தவன் நான்.

பெருந்தெருவில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பாலத்துக்கு முன்னால் கேம்பர் ஆடத் தொடங்கியது. காரின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்தது. பின் சீற்றில் என் பக்கத்திலிருந்த அக்காவின் மகள் ஷெரோன் என் கையைப் பிடித்தாள். அத்தான் பிரேக்கை மிதிக்கவில்லை. காலை மெல்ல எடுத்து, வேகம் தானாகக் குறைய விட்டு, வெளியேறும் பாதையில் இறங்கி நிறுத்தினார். பின்பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"என்ன யோசெப்பின், இது என்ன?"

"கொஞ்சம் அரிசி."

"கொஞ்சமெண்டா?"

"ஒரு மூட்டை."

"பிள்ளையும் இருக்கிற காரப்பா."

அவர் கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தார்.

"கேம்பரில இதுக்கு இடமில்லை. காருக்குள்ளயும் அளவிருக்கு. ஒண்டில் இது இறங்கோணும், இல்லாட்டி உம்மட தம்பி இறங்கோணும்."

அக்கா மூட்டையையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"தம்பிக்கு இங்கயிருந்து பஸ் இருக்குத்தானே?"

அன்று அப்போதுதான் அத்தான் முதன்முறையாகச் சிரித்தார். "தூக்கி வைச்சவர் தானே இறங்கிறார்." என் இடத்தில் மூட்டை உட்கார்ந்தது. அதற்கு பெல்ட்டும் போட்டுவிட்டார். பானையும் தேங்காயும் காலடியில். நான் இரண்டு பஸ் மாறி வீடு வந்து சேர்ந்தேன்.

அடுத்த வருடப் பட்டியலின் முதல் வரியைக் காட்டித்தான் என்னைக் கூப்பிட்டார்: 'தம்பி – 68.' ஆட்களெல்லாம் முடிந்த பிறகுதான் சட்டியும் அடுப்பும். அரிசி, ஐந்து கிலோ. அதன்பிறகு ஒவ்வொரு கோடையும் போனேன்.

இந்த ஆடியில் ஷெரோனை ஏரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்கிறாள் அக்கா. கார் ஓட்டப்போவது நான். கொப்பியைத் திறந்து வைத்துவிட்டுத் தராசில் ஏறினேன். எழுபத்தொன்று. பென்சிலால் திருத்தினேன். அடுத்த வரியில் 'நான் – 76' என்று அவர் எழுதியிருந்தார். அதைத் தொடவில்லை.

அக்கா எட்டிப் பார்த்தாள்.

"பின் சீற்றில ஒரு இடம் சும்மாதானே கிடக்கும். மூட்டையை அங்க வைப்பமோ?"

"ஓம் அக்கா. பெல்ட் போட்டு வைப்பம்."