பிழைத்த பறவையைத்தான் கொடுத்தனுப்பினேன்

போன சாரல் சீசனில், தென்காசியை அடுத்த இலஞ்சியில் எங்கள் வீட்டு மாடியில் நடந்தது இது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வெளிநாட்டுக் கிளிகளை வளர்த்துக் குஞ்சு எடுத்து விற்கிறேன். எதற்கெடுத்தாலும் பயம், கூண்டில் ஒன்று தும்மினால் எனக்குச் சோறு இறங்காது. அப்போதும் மழைக்குப் பயந்து கூண்டுகளையெல்லாம் மாடி அறைக்குள் நெருக்கி வைத்திருந்தேன்.

ஒவ்வொன்றாகச் சாக ஆரம்பித்தன. காலையில் நன்றாக இரை தின்ற கிளி மதியம் சிறகை உப்பிக்கொண்டு உட்காரும். விளக்கு வைப்பதற்குள் தரையில் கிடக்கும். பக்கத்து மாடிப் புறாக்கள்தான் நோயைக் கொண்டுவந்தன என்று நினைத்தேன். கால்நடை டாக்டர் செத்தவற்றின் ஈரலில் கொஞ்சம் எடுத்தார். ஒரு புறாவின் வாயிலும் பஞ்சால் துடைத்து எடுத்தார். கோனூர் என்ற வகைப் பச்சைக் கிளி ஒன்று மட்டும் ஒன்றுமே நடக்காதது போலப் பழம் தின்றுகொண்டிருந்தது. அதன் வாயிலும் துடைத்து எடுத்து, எல்லாவற்றையும் சோதனைக்குக் கொண்டுபோனார்.

அது ஒன்றாவது பிழைக்கட்டுமே என்று எனக்குத் தவிப்பு. பண்பொழியில் பறவை வளர்க்கும் அண்ணாச்சிக்குப் போன் போட்டு அழுதேன். உடனே பைக்கில் வந்துவிட்டார்.

"இத்தனை சாவுலயும் நிக்குதுன்னா இது லேசுப்பட்ட பறவை இல்ல, தங்கச்சி. அங்கன நம்ம கூண்டுப் பிள்ளையளோட கெடக்கட்டும். நீ மொதல்ல ரெண்டு வாய் சாப்பிடு. உன்னயப் பாத்தா அடுத்து நீதான் விழுவ போலிருக்கு" என்று என்னைச் சிரிக்கவும் வைத்துவிட்டு, கோனூரைக் கூண்டோடு கொண்டுபோனார்.

மறுநாள் டாக்டர் கூப்பிட்டார். "ஹெர்பிஸ் வைரஸ்மா. புறாகிட்டயும் அந்தக் குடும்பத்து வைரஸ் ஒண்ணு இருக்கு, ஆனா அது வேற. செத்ததுல இருக்கதும் அந்தக் கோனூர்கிட்ட இருக்கதும் ஒண்ணேதான். கோனூரை அந்த வைரஸ் ஒண்ணும் செய்யாது. ஆயுசுக்கும் உள்ளயே கெடக்கும். மிரண்டா, நெருக்கடி வந்தா, எச்சத்துல வெளிய வரும். தனியாத்தான வச்சிருக்கிய?"

போனை வைத்ததும் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

"தனியா கெடந்து கத்துச்சு. பெரிய கூண்டுலயே விட்டுட்டேன். நல்லா ஒட்டிக்கிட்டு!" என்றார் சந்தோஷமாக. நான் விஷயத்தைச் சொன்னதும், அவர் கூண்டுப் பக்கம் ஓடுவது போனில் கேட்டது.

டாக்டர் சொன்ன மருந்தைக் கொடுத்தும் அவருடையவற்றில் பாதிகூட மிஞ்சவில்லை. கோனூரை அவரே திருப்பிக் கொண்டுவந்தார். என்னை வையவில்லை. "இது என்ன பாவம் பண்ணுச்சு" என்று கூண்டை வைத்துவிட்டு, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போனார்.

கோனூர் இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது. அது குரல் கொடுக்கும்போது பதில் கொடுக்க என்னைத் தவிர வீட்டில் ஆளில்லை. கண்ணுக்கு நல்லதாகத் தெரிவதை நம்பி யாருக்கும் எதையும் கொடுக்க இன்று எனக்குத் துணிவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு கொத்து கறிவேப்பிலை கேட்டால்கூட, இலை இலையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.