ஞாயிற்றுக்கிழமைகளை விற்றவன்

நான் ஒரு முழு மடையன். அரை மடையன் என்று சொல்லிக்கொள்ளலாமா என்று கொஞ்ச நாள் யோசித்தேன், மனைவி சம்மதிக்கவில்லை. அவளோடும் பெண்ணோடும் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று மட்டாஞ்சேரியில் ஒரு வீடு வாங்கினேன். வாங்கிய வீட்டின் கடனை அடைப்பதற்காக அந்த வீட்டுக்குப் போவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டேன். குடிவந்து ஒரு வருஷமாகியும் மாடிப்படி பன்னிரண்டா பதிமூன்றா என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பூனைக்குத் தெரியும்.

வீடு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பழைய சுக்குக் கிடங்குகளுக்கு நடுவில், யாரோ மறந்துவிட்டுப் போன சந்தில் நிற்கிறது. கூடத்தில் நின்று கைகளை விரித்தால் இரண்டு பக்கச் சுவரையும் தொட்டுவிடலாம். நான் குள்ளம் என்பதையும் சேர்த்துக்கொள்ளவும். மழைக்காலத்தில் சுவரெல்லாம் சுக்கு மணக்கும். விருந்தாளிகள் தும்மிக்கொண்டே, "நல்ல வீடு" என்பார்கள்.

என் அப்பா இதே மட்டாஞ்சேரிக்குள் ஏழு வாடகை வீடு மாறியவர். ஏழு தடவையும் கட்டில் காலைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தவன் நான். ஆகவே இருபது வருஷக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, வங்கி வாசலில் நின்று, "ஆறே வருஷத்தில் முடித்துக் காட்டுகிறேன்" என்று சபதம் செய்தேன். யாரும் கேட்கவில்லை. காவலாளி மட்டும், வழியை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார்.

அன்றிலிருந்து மாதாமாதம் தவணை போக மிச்சம் பிடித்ததையும் கொண்டுபோய் அசலில் கட்ட ஆரம்பித்தேன். கடன் பிரிவில் இருந்த மேடம் முதல் மாதம் எழுந்து நின்று வரவேற்றார். நாலாவது மாதம் என்னைக் கண்டதும் டீ குடிக்கப் போய்விட்டார். ஆறாவது மாதம் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார்: "ஸ்வாமீ, இருபது வர்ஷம் உண்டல்லோ, எந்தா இத்ர திருதி?" அப்படி என்ன அவசரம் என்கிறார். கடன் கொடுத்தவர்களே கெஞ்சியும் கேட்காத ஒரே கடன்காரன் கொச்சியில் நானாகத்தான் இருப்பேன்.

மிச்சம் பிடிப்பதற்கு என்னிடம் இருந்தது நேரம் ஒன்றுதான். பகலில் வல்லார்பாடத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் வேலை. கன்டெய்னர்களுக்கான காகிதங்களைத் துறைமுகத்துக்குள் நகர்த்துவேன். சாயங்காலம் கலூரில் ஒரு டியூஷன் சென்டரில், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் காமர்ஸ். சேமிப்பைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது எனக்கே கண் சொக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் சும்மா கிடந்தது. அதையும் ஒருவர் வந்து விலைபேசினார்.

அவர் கலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டிராவல்ஸ் நடத்தும் திருநெல்வேலிக்காரர். ஈரோடு, திருப்பூர், மதுரை என்று தமிழ்நாட்டிலிருந்து வரும் சுற்றுலா பஸ்களுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். "சாமி, உமக்குத் தமிழ் தெரியும், மட்டாஞ்சேரி தெரியும். வாயை மட்டும் தொறந்தாப் போதும்" என்றார். வாயைத் திறப்பதற்குக் காசு கிடைக்கும் என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. வீட்டில் மூடச் சொல்லித்தான் பழக்கம்.

இப்படியாக நான் கைடு ஆனேன். காலையில் ஒரு பஸ், மூன்று மணிக்கு இன்னொரு பஸ். குடைக் கம்பியில் சிவப்புக் கைக்குட்டை கட்டித் தூக்கிப் பிடித்தபடி அரண்மனை, யூதத் தெரு, மசாலாக் கடைகள் என்று கூட்டிப் போவேன். தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததை இன்னும் உறுதியாகச் சொல்வேன். கடைசியில் எல்லோரையும் ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்கு, கொண்டுவந்து எர்ணாகுளம் போகும் படகில் ஏற்றிவிட வேண்டும். பஸ் பாலம் சுற்றிப் போய் அக்கரையில் காத்திருக்கும்.

இனி என் பெண்ணைப் பற்றி. ஒன்பது வயது. மட்டாஞ்சேரி ஜெட்டிக்குப் புது ஏசி படகு வந்ததிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை: அதில் எங்களோடு எர்ணாகுளம் போய் வர வேண்டும். வகுப்பில் போகாதவள் தான் ஒருத்திதான் என்றாள். அம்மாவோடு போய்விட்டு வாயேன் என்றால், "மூணு பேராப் போகணும்" என்பாள். ஒவ்வொரு ஞாயிறும் கேட்பாள். ஒவ்வொரு ஞாயிறும் கைக்குட்டையைக் குடையில் கட்டிக்கொண்டே, "அடுத்த வாரம்" என்பேன். அந்த ஜெட்டிக்கு வாராவாரம் இரண்டு தடவை போய் வருகிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஏறமாட்டேன், கைடு டிக்கெட் கைடு செலவு. நிறையப் பேருக்குக் கையாட்டிவிட்டு நடந்து திரும்புவேன்.

ஒரு ஞாயிறு அவளுடைய சிநேகிதி ஜெட்டியில் என்னைப் பார்த்துவிட்டாள். "உங்கப்பா எல்லாரையும் போட்ல ஏத்திட்டு டாட்டா காட்டறாரே" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறாள். மகள் கோபித்துக்கொண்டு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அடுத்த இரண்டு நாளும் நான் வீட்டில் விழித்திருந்தது மொத்தம் ஒரு மணி நேரம் என்பதால், அவள் பேசவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. மனைவிதான் சொன்னாள்.

"அவ உங்களோட பேசறதில்லை. மனசிலாச்சா?"

"எப்போலேர்ந்து?"

"அது தெரியாததுதான் கஷ்டம்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள். அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். மிச்ச விடையை மாணவனே கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவளுடைய முறை.

அடுத்த ஞாயிறு காலை ஈரோட்டுக் கூட்டம் வந்தது. முப்பத்திரண்டு பேர். எங்கள் தொழிலில் மந்திரம் ஒன்றுதான்: நிற்கும் இடமெல்லாம் தலையை எண்ணு. அரண்மனை வாசலில் எண்ணினேன். முப்பத்திநாலு. மறுபடி எண்ணினேன். முப்பத்திநாலு. ஆள் குறைந்து நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் ஐஸ்கிரீமுக்குப் போவார், ஒருவர் கழிப்பறைக்குப் போவார், ஒருவர் கோபித்துக்கொண்டு பஸ்ஸுக்கே போய்விடுவார். கூடி மட்டும் பார்த்ததில்லை.

மூன்றாவது தடவை விரல் நீட்டி எண்ணிக்கொண்டே வந்தபோது, மஞ்சள் மண்டி வைத்திருக்கும் ஒரு பருத்த அம்மாளுக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கண்ணாடிகள் தெரிந்தன. ஒன்று என்னுடையது. அதை மூக்கு நுனியில் தாங்கிக்கொண்டிருந்தவள் என் பெண். பக்கத்தில், தொப்பி வைத்துக்கொண்டு, என் தர்மபத்தினி.

பக்கத்தில் போய் மெல்லிய குரலில், "இங்க என்ன பண்றேள்?" என்றேன்.

"டூர் வந்திருக்கோம்" என்றாள் மனைவி. "டிராவல்ஸ்காரருக்குப் பணம் கட்டியாச்சு. மத்தியானச் சாப்பாடும் உண்டாம். நீங்க போய் எல்லாருக்கும் சொல்லுங்கோ, எங்களுக்குன்னு தனியாச் சொல்ல வேண்டாம்."

"கைடு சார்" என்றாள் பெண். அத்தனை நாள் மௌனத்துக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. "சீக்கிரம். வெயிலா இருக்கு."

அன்றைக்கு நான் பட்ட பாட்டைப் பகைவனும் படக்கூடாது. உள்ளே பல்லக்குக்கு முன்னால் நின்று, "இதைத் தூக்க எட்டுப் பேர் வேண்டும்" என்று வழக்கம்போல அடித்துவிட்டேன். "எப்படிக் கணக்குப் போட்டேள்?" என்று தொப்பிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. ராஜா ஒல்லியாக இருந்தால் ஆறு பேர் போதும் என்று சமாளித்தேன். சுவர் ஓவியங்களுக்கு முன்னால் ஏதோ ஒரு வருஷத்தைச் சொல்ல வாயெடுத்தேன். மனைவி கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

யூதத் தெருவில் பெண் கையைத் தூக்கினாள். "கைடு சார், உங்களுக்குக் குழந்தை உண்டா?"

"ஒண்ணு."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமையாச்சே. அவ எங்கே?"

"இங்கதான் எங்கேயோ இருக்கா" என்றேன்.

மஞ்சள் மண்டி அம்மாள் மசாலாக் கடைகளால் கவரப்படாதவர். எங்கூர்ல இல்லாத மஞ்சளா என்று ஒவ்வொரு கடையிலும் முகர்ந்து பார்த்துத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். இப்போது அவருக்குச் சுவாரஸ்யம் பிறந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தார். பெண்ணின் கண்ணாடியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங் கைடு, இந்தப் புள்ளைக்கு உங்க மூக்குங்க."

தெருவே சிரித்தது. கைக்குட்டைக் குடையால் முகத்தை மறைத்துக்கொள்ளப் பார்த்தேன். குடை கம்பி மட்டும்தான், துணி கிடையாது. சொந்தப் பெண்டாட்டி பிள்ளை டிக்கெட் வாங்கிப் பார்க்க வந்த மனிதன் என்ற செய்தி வரிசையின் கடைசி வரைக்கும் போயிற்று. வீட்டுக் கடன்தான் காரணம் என்று மனைவி சேர்த்துவிட்டாள். அதன்பின் ஒருவரும் சரித்திரம் கேட்கவில்லை. வீட்டுக் கடன் எத்தனை வருஷம், முன்கூட்டி அடைப்பதில் லாபமா, இதைத்தான் கேட்டார்கள். கிராம்பு மூட்டைகளுக்கு நடுவில் பெரிய விவாதம் நடந்தது. நாலு பேர் என் கட்சி. கடனில் தூங்குவது தூக்கமா என்றார்கள். மிச்சம் இருபத்தெட்டுப் பேரும் தொப்பிக் கட்சி.

"ஏனுங்க, எதுக்குங்க இத்தனை வேகம்?" என்றார் மஞ்சள் மண்டி அம்மாள்.

நான் ஏழு வாடகை வீட்டையும் கட்டில் காலையும் சொன்னேன். அப்போது மனைவி முதல் தடவையாகத் தொப்பியைக் கழற்றினாள்.

"அந்த பயம் நேக்கும் தெரியும். சரி, நீங்க நினைச்சபடியே இன்னும் அஞ்சு வருஷத்துல முடிச்சுடறேள். அப்போ இவளுக்குப் பதினாலு. வா, போட்ல போலாம்னு நீங்க கூப்பிடறேள். அவ வருவாளா?"

பதினாலு வயசுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார்கள். அவரவர் அப்பா அம்மாவிடமிருந்து எத்தனை தூரம் தள்ளி நிற்க முடியுமோ அத்தனை தூரத்தில், வேறு குடும்பம் போல நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்தேன். இதுவரை எந்தக் கணக்கிலும் நான் சேர்க்காத எண் அந்தப் பதினாலு. நெஞ்சுக்குள் எங்கேயோ சுக்குத் தூள் ஏறிய மாதிரி இருந்தது.

ஜெட்டிக்கு வந்தோம். படகு வந்து நின்றது, கண்ணாடியெல்லாம் பளபளவென்று. முப்பத்திரண்டு பேரும் ஏறினார்கள். மனைவியும் பெண்ணும் டிக்கெட்டோடு வாசலில் நின்றார்கள். பெண் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். வா என்று கூப்பிடவில்லை. நான் கையாட்டுவேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பின்னால் டிக்கெட் கவுண்டர். அதற்கும் பின்னால் மூன்று மணி பஸ். கைதான் பழக்க தோஷத்தில் பாதி மேலே போய்விட்டது. அந்தக் கையை அப்படியே திருப்பிச் சட்டைப் பைக்குள் விட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். கவுண்டரில் இருந்த பெண், "ஒருத்தருக்கா?" என்றாள். "ஒருத்தர்தான், ஆனா ரொம்ப அவசரம்" என்றேன். குடைக் கம்பி நுழைவுக் கதவில் மாட்டிக்கொண்டது. கைக்குட்டை அங்கேயே கிழிந்து தொங்கியது. கடைசி ஆளாக உள்ளே விழுந்தேன். ஈரோடு கைதட்டியது. மஞ்சள் மண்டி அம்மாள் ஜன்னலோர இருக்கையை எங்களுக்குக் காலிபண்ணிக் கொடுத்தார்.

படகு நகர்ந்ததும் என் தியாகத்தை உலகுக்கு அறிவிக்க வேண்டியிருந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி டிராவல்ஸ்காரரைப் போனில் கூப்பிட்டேன்.

"நான் தண்ணியில இருக்கேன். மூணு மணி வண்டிக்கு வரமுடியாது. நஷ்டம் வந்தாலும் சரி, வேற ஆளைப் பாரும்."

"காலையிலயே வேற ஆள் போட்டாச்சு சாமி" என்றார் அவர். "வீட்டம்மா சொன்னாவளே."

போனை மெதுவாகப் பையில் வைத்தேன். மனைவி ஜன்னலுக்கு வெளியே தீவிரமாக ஒரு கடற்காகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆரம்பித்தால் நிற்கவில்லை, வயிறு வலிக்கச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். சாயம் போன கப்பல் ஒன்று பக்கத்தில் போயிற்று. அதன்மேல் அடுக்கியிருந்த கன்டெய்னர்களைப் பார்த்து, அதில் எதற்கும் இன்று நான் காகிதம் எழுத வேண்டாம் என்று நினைத்தபோது இன்னும் சிரிப்பு வந்தது.

அக்கரை போய்ச் சேருவதற்குள் நானும் மனைவியும் பேரம் முடித்தோம். ஆறு வருஷம் பத்தாகலாம். கலூர் டியூஷன் இருக்கட்டும். ஞாயிறுகளில் மாதத்துக்கு ஒன்றே ஒன்று டிராவல்ஸ்காரருக்கு. அதுவும் காலை பஸ் மட்டும். வங்கி மேடம் சந்தோஷப்படுவார்.

பெண் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதருகே குனிந்தேன்.

"இனிமே மாசத்துல மூணு ஞாயித்துக்கிழமை அப்பா உனக்குத்தான். எங்க கூப்பிட்டாலும் வரேன். சரியா?"

அவள் திரும்பாமலே சொன்னாள்:

"எழுதிக் குடு."