வலது கைக்கு ஒரு வாட்ச்

அண்ணன் என்னிடம் எதையும் கேட்டு வாங்கியவர் இல்லை. என்னைவிட ஆறு வயது மூத்தவர். கீழ்பென்னாத்தூரில் சொந்த வேன் ஓட்டினார். கல்யாணக் கூட்டமோ மல்லாட்டை மூட்டையோ, கிடைத்ததை ஏற்றிக்கொண்டு போவார். நாற்பத்து நான்கு வயதில் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. வேனை விற்றார்கள். வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். வெள்ளிக்கிழமை அண்ணி கூடப் போவார். செவ்வாய்க்கிழமை வேங்கிக்கால் அலுவலகத்தில் அரை நாள் லீவு போட்டுவிட்டு நான் போவேன்.

ஊசி குத்துவதற்காக அவருடைய இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது, இறுக்கமாக எதுவும் கட்டக் கூடாது. ஆபரேஷனன்று கழற்றிய பழைய வாட்ச் பீரோவிலேயே கிடந்து துருப்பிடித்துப் போயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை, மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது சொன்னார்.

"டேய், ஒரு வாட்ச் வாங்கிக் குடுடா. இந்த வலது கையில கட்டிக்கிறேன்."

"போன் இருக்குதே ண்ணா?"

"அது பையில கிடக்குது. கடிகாரத்த என் தலைக்குப் பின்னால மாட்டி வச்சிருக்காங்க. மணி என்னன்னு அந்த சிஸ்டர எத்தினி தபா கேக்கறது? நாலு மணி நேரம்டா. கஷ்டமா இருக்குது. கொஞ்சம் கெட்டியா, அடிபட்டாத் தாங்கற மாதிரி வாங்கு."

மறுநாள் அலுவலகம் முடிந்து பஸ் பிடித்துத் தேரடி வீதிக்குப் போனேன். கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் வீதியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கடைக்காரர் என் வயதுக்காரர். "யாருக்குங்க?" என்றார்.

"அண்ணனுக்கு."

"என்ன வேலை பாக்கறாரு?"

"வேன் ஓட்டறாரு."

அந்தப் பொய் எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவர் இரண்டு வாட்சுகளை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார்.

"டிரைவர்னா இது பாருங்க. ஸ்டீல் பாடி, கண்ணாடி தடிமன், தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது. பேட்டரி பத்து வருஷம் வரும். வாங்கிட்டுப் போனா பத்து வருஷத்துக்கு இந்தக் கடப்பக்கமே வர வேணாம். இன்னொண்ணு வெல கம்மி. அதுவும் நல்ல உழைப்புதான். ரெண்டு வருஷத்துக்கொரு தபா பேட்டரி மாத்தணும், அவ்ளோதான்."

சட்டைப்பையில் இரண்டில் எதை வாங்கவும் பணம் இருந்தது. ஆனால் பத்து வருஷம் என்று அவர் சொன்னதும், இதயமும் பலவீனமாகிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. பத்து வருஷம் யாருக்கு என்று மனது கேட்டது. அந்தக் கடைக்குள் நின்றுகொண்டு என் அண்ணனின் ஆயுளைக் கணக்குப் போட்டேன். போட்டு முடித்து, விலை குறைந்ததைக் காட்டி, "இதுவே போதும்" என்றேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நோய் தெரிந்த புதிதில், மாற்றுச் சிறுநீரகம் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அண்ணிக்குச் சர்க்கரை, கொடுக்க முடியாது. "கூடப் பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். தரையைப் பார்த்தேன். அண்ணன் முந்திக்கொண்டு, "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் டாக்டர்" என்றார். வீட்டில் மனைவி, "நமக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குது" என்று மட்டும் சொன்னாள். அவள் மேல் பழி போட வசதியாக இருந்தது. உண்மையில் அவள் வாய் திறப்பதற்கு முன்பே நான் முடிவு செய்துவிட்டேன். எனக்குப் பயம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வாட்சைக் கொடுத்தேன். இடது கையில் ஊசிகள் இருந்ததால் ஒற்றைக் கையால் பெட்டியைத் திறந்தார். புது டயரைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேட்டரி எவ்ளோ நாள் வருமாம்?"

"ரெண்டு வருஷம்னாங்க."

"போதும்டா. ஜாஸ்தியாவே இருக்குது."

குத்திக் காட்டவில்லை. அவருக்குக் குத்திக் காட்டத் தெரியாது. மனதாரச் சொன்னார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "மாத்திட்டு வரட்டுமா ண்ணா? இதவிட நல்லது ஒண்ணு இருந்துது" என்றேன்.

"எதுக்குடா? நல்லாத்தான் இருக்குது. கட்டி வுடு."

கட்டினேன். கடைசித் துளையில் மாட்டியும் மணிக்கட்டில் தொளதொளவென்று சுற்றியது. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கை, குச்சியாகிவிட்டிருந்தது.

நான்கு மாதம் கட்டியிருந்தார். அதற்குள் இடது கையில் போட்ட இணைப்பு அடைத்துக்கொண்டது. கழுத்தில் குழாய் வைத்துச் சில வாரங்கள் ஓட்டினார்கள். பிறகு வலது கையில் புதிதாக ஓர் இணைப்பு வைத்தார்கள். அதற்கு முன் சிஸ்டர் வாட்சைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, "இனிமே இந்தக் கையில எதுவும் கட்டக் கூடாது, அந்தக் கையில கட்டிக்கலாம்" என்றார். அண்ணனிடம் கேட்டேன். "வேணாம்டா, அது மரத்துப்போன மாதிரி இருக்குது" என்றார். வாட்சை அண்ணியிடம் கொடுத்துவிட்டேன். பிறகு அண்ணி அதை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி மாற்று அறுவையை இதயம் தாங்காது, இப்படியே எத்தனை நாள் போகிறதோ போகட்டும் என்றார். உள்ளே வந்தேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டேன்.

"ண்ணா, நான் வேணா டெஸ்ட் எடுத்துப் பாக்கட்டுமா? கிட்னி குடுக்க."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை.

"இனிமே முடியாதுன்னு போன வாரமே எங்கிட்ட சொல்லிட்டாரேடா. உங்கிட்ட சொல்லலையா?"

"இல்லையே" என்றேன்.

 வலது கை அசையாமலிருக்கத் தலையணையை அணைத்து வைக்கச் சொன்னார். வைத்தேன். "ஆபீசுக்கு நேரமாவுது பாரு, நீ கெளம்பு. உங்கண்ணி வந்துடுவா" என்றார். போயிருக்கக் கூடாது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார என்னால் முடியவில்லை. எழுந்து வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன்.